சினாட்ராவின் சோகத் தட்டுகள்

ஃபிராங்க் சினாட்ரா என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது தொப்பி, டக்சீடோ, லாஸ் வேகாஸ் மேடை, அப்புறம் ‘மை வே’. அது 1969க்குப் பிறகான சினாட்ரா. ஜெயித்து முடித்து, ஜெயித்த கதையை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்த சினாட்ரா. அவர் தோற்ற கதையைப் பாடிய காலம் ஒன்று அதற்கு முன்னால் இருக்கிறது. 1955 முதல் 1959 வரை கேப்பிடல் கம்பெனிக்காக அவர் செய்த மெதுநடைப் பாடல் ஆல்பங்கள்தான் அது. ‘இன் தி வீ ஸ்மால் அவர்ஸ்’, ‘க்ளோஸ் டு யூ’, ‘வேர் ஆர் யூ?’, ‘ஒன்லி தி லோன்லி’, ‘நோ ஒன் கேர்ஸ்’. ஐந்திலும் ஒரே விஷயம்தான். காதலி போய்விட்டாள், ராத்திரி போக மாட்டேன் என்கிறது.

இந்த ஐந்தும் 1980களின் பிற்பகுதியிலிருந்து குறுந்தகடாக மறுபதிப்பு ஆகத் தொடங்கின. 1992ல் ‘கான்செப்ட்ஸ்’ என்ற பெயரில் கேப்பிடல் ஆல்பங்கள் 16 தகடுகள் கொண்ட பெட்டியாக வந்தன. அவர் இறந்த 1998ல் மீண்டும் ஒரு சுற்று. இதெல்லாம் பழைய சரக்கைத் தூசி தட்டி விற்கும் வியாபாரம்தானே என்று தோன்றலாம். வியாபாரம்தான், சந்தேகமில்லை. ஒலிப்பதிவுச் செலவு என்றைக்கோ கழிந்துபோன சரக்கு. விற்றதில் பெரும்பகுதி லாபம். ஆனால் அந்த வியாபாரத்தில் ஒரு கலைப்பொருளுக்கு என்ன ஆயிற்று என்பது தனிக்கதை. அதைப் புரிந்துகொள்ள ‘ஆல்பம்’ என்ற வார்த்தையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நிமிஷத்துக்கு 78 சுற்று சுழன்ற பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிஷம்தான் கொள்ளும். ஒரு பாட்டு, அவ்வளவே. நாலைந்து தட்டுகளைச் சேர்த்து விற்க வேண்டுமானால் போட்டோ ஆல்பம் மாதிரி உறைகள் வைத்துத் தைத்த அட்டைப் புத்தகத்தில் போட்டு விற்றார்கள். பெயர் அப்படி வந்ததுதான். 1946ல் கொலம்பியா கம்பெனி வெளியிட்ட ‘தி வாய்ஸ் ஆஃப் ஃபிராங்க் சினாட்ரா’ அந்த வகை. நாலு தட்டு, எட்டுப் பாட்டு. 1948ல் அதே கொலம்பியா நீண்டநேரத் தட்டை, அதாவது எல்.பி.யை, அறிமுகப்படுத்தியது. நிமிஷத்துக்கு 33⅓ சுற்று, 12 அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு 20 நிமிஷத்துக்கு மேல். சிம்பொனி கேட்பவர்களுக்குக் கொண்டாட்டம். சினிமாப் பாட்டும் நடனப் பாட்டும் பாடுகிறவர்களுக்கு இவ்வளவு நேரம் எதற்கு என்று அப்போது பலருக்கும் விளங்கவில்லை. கையில் கிடைத்த பாட்டுகளை அள்ளிப் போட்டார்கள். இந்த 40 சொச்சம் நிமிஷத்தை ஒரே மனநிலைக்கான இடமாகப் பார்த்தவர்களில் முக்கியமானவர் சினாட்ரா.

அந்த மனநிலை அவருக்குச் சும்மா வரவில்லை. 1915ல் நியூஜெர்சியின் ஹோபோகனில் பிறந்தவர். ஹாரி ஜேம்ஸ், பிறகு டாமி டார்ஸி குழுக்களில் பாடிப் பேர் வாங்கி, 1940களில் பெண் ரசிகைகள் அலறும் நட்சத்திரமாக இருந்தார். 1950 வாக்கில் எல்லாம் சரிந்தது. மேடையிலேயே தொண்டையில் ரத்தம் கசிந்து குரல் நின்றுபோனது. ரசிகைகள் வளர்ந்து வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்கள். 1951ல் கொலம்பியா அவரை ‘மாமா வில் பார்க்’ என்ற பாட்டைப் பாடவைத்தது. நாய் குரைக்கும் சத்தத்தோடு! 1952ல் அந்தக் கம்பெனியும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. 1951ல் கட்டிய நடிகை ஏவா கார்ட்னருடனான வாழ்க்கை 1953க்குள் பிரிவில் முடிந்தது. சட்டப்படி விவாகரத்து 1957ல். 37 வயதில், வேலையில்லாத ஒரு முன்னாள் நட்சத்திரம்.

1953ல் கேப்பிடல் அவரை எடுத்தபோது அதுவும் கம்பெனி விரும்பினால் ஆண்டுக்கு ஆண்டு நீட்டிக்கும் ஒப்பந்தம்தான். அங்கேதான் நெல்சன் ரிடில் என்ற இசை அமைப்பாளர் கிடைத்தார். மெட்டுப் போடுகிறவர் அல்ல. பிறர் போட்ட மெட்டுக்கு எந்த வாத்தியம் எந்த இடத்தில் என்ன வாசிக்க வேண்டும் என்று எழுதிக்கொடுக்கும் ‘அரேஞ்சர்’. அதே ஆண்டு வந்த ‘ஃப்ரம் ஹியர் டு எட்டர்னிட்டி’ படத்துக்காக அடுத்த ஆண்டு துணை நடிகர் ஆஸ்கர். மார்க்கெட் திரும்பிவிட்டது. ஆச்சரியம் என்னவென்றால், திரும்பி வந்த மனிதர் கொண்டாட்டத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் தோல்வியைப் பற்றி 16 பாட்டு பாட உட்கார்ந்தார்.

‘இன் தி வீ ஸ்மால் அவர்ஸ்’ 1955ல் வந்தது. ஒன்றிரண்டு தவிர பாட்டுகள் எல்லாம் அந்த ஆண்டு பிப்ரவரி, மார்ச்சில் ஹாலிவுட்டில் ராத்திரி நேர ஒலிப்பதிவுகளில் பதிவானவை. தலைப்புப் பாடல் மட்டும் புதிது. மற்றவை பெரும்பாலும் 1930களின் பழம்பாட்டுகள். தேர்ந்தெடுத்து அடுக்கிய விதத்தில்தான் சூட்சுமம். இடையில் ஆடவைக்கும் பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. அட்டையில் நீலமும் பச்சையுமாக ஆளில்லாத தெரு, விளக்குக் கம்பம், கையில் சிகரெட்டோடு சினாட்ரா. கடைசிப் பாட்டான ‘திஸ் லவ் ஆஃப் மைன்’ டார்ஸி குழுக் காலத்தில் அவரே பாடல் எழுதுவதில் பங்கெடுத்தது. ஊரார் எழுதிய பதினைந்து சோகத்தைப் பாடிவிட்டு, முடிவில் தன் பழைய சோகத்துக்கு வந்து சேருகிறார்.

இவரைப் போன்றவர்களை ‘குரூனர்’ என்பார்கள். 1925ல் மின்சார மைக் ஒலிப்பதிவுக்கு வந்த பிறகு பிறந்த ஜாதி. அதற்கு முன் பாடகர் கடைசி வரிசைவரை கேட்கும்படி கத்த வேண்டும். மைக் வந்ததும் காதோரம் பேசுவதுபோலப் பாடினால் போதும். பிங் கிராஸ்பி அதில் முன்னோடி. சினாட்ரா சேர்த்தது மூச்சு. டார்ஸி டிராம்போன் வாசிக்கையில் மூச்சு எடுப்பதே தெரியாமல் நீண்ட வாக்கியங்களை வாசிப்பதைப் பார்த்து அதைக் குரலுக்குக் கொண்டுவந்தார். ஒரு வரி முடிகிற இடத்தில் நிறுத்தாமல் அடுத்த வரிக்குள் நழுவிப் போவார். நிறுத்தினால் அது அர்த்தத்துக்காக நிறுத்தியதாக இருக்கும். வேகப் பாட்டில் இது அலங்காரம். மெதுவான பாட்டில் ஒளிய இடமே இல்லை. அதனால்தான் அவருடைய கெட்டிக்காரத்தனத்தை அளக்க இந்த ஆல்பங்கள்தான் சரியான இடம்.

‘க்ளோஸ் டு யூ’ இன்னும் துணிச்சல். 1956ல் பதிவாகி 1957ல் வந்தது. பெரிய இசைக்குழுவுக்குப் பதில் ‘ஹாலிவுட் ஸ்ட்ரிங் குவார்டெட்’ என்ற நால்வர் குழு நடுநாயகம். இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. சாஸ்திரீய இசைக்குப் பேர்போனவர்கள். ஒன்றிரண்டு வாத்தியங்கள் அவ்வப்போது எட்டிப் பார்க்கும். குரல் கிட்டத்தட்டத் தனியாக நிற்கிறது. கோர்டன் ஜென்கின்ஸ் அமைத்த ‘வேர் ஆர் யூ?’வும் ‘நோ ஒன் கேர்ஸ்’ஸும் வயலின் வெள்ளம். அழகுதான், ஆனால் ரிடிலிடம் இருக்கிற சிக்கனம் ஜென்கின்ஸிடம் இல்லை. ‘ஐ’ம் எ ஃபூல் டு வான்ட் யூ’ மாதிரிப் பாட்டில் மட்டும் அந்த வெள்ளம் பொருந்துகிறது.

சிகரம் 1958ன் ‘ஒன்லி தி லோன்லி’. ரிடில் அப்போது ஆறு மாதக் கைக்குழந்தையான மகளைப் பறிகொடுத்திருந்தார். தாயாரும் அதே காலத்தில் போனார். அந்தத் துக்கம் வாத்தியங்களில் இறங்கியிருக்கிறது. அவர் நேட் கிங் கோலோடு பயணத்தில் இருந்ததால் சில பதிவுகளைக் குவார்டெட்டின் முதல் வயலின் கலைஞர் ஃபீலிக்ஸ் ஸ்லாட்கின் நடத்தினார். கடைசிப் பாட்டு ‘ஒன் ஃபார் மை பேபி’. மூடப்போகிற மதுக்கடை, குடிகாரன் ஒருவன், கேட்டுக்கொண்டிருக்கும் பணியாள். பில் மில்லரின் பியானோ எங்கோ மூலையில் தன்பாட்டுக்கு ஓடுகிறது. பாடகர் சொல்லவந்த கதையைச் சொல்லாமலே எழுந்து போய்விடுகிறார். பாட்டு தேய்ந்து மறைகிறது. அதற்கப்புறம் எதுவும் வரக்கூடாது; தட்டு முடிந்து ஊசி உராயும் சத்தம் மட்டும்தான் வரலாம்.

இந்த ஆல்பம் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 1959ல் நடந்த முதல் கிராமி விழாவில் சினாட்ராவுக்குக் கிடைத்த ஒரே பரிசு, பாடியதற்கு அல்ல, இதன் அட்டைக்கு! கோமாளி வேஷத்தில் அவருடைய முகம் வரைந்த அட்டை.

இனி மறுபதிப்புக் கதை. குறுந்தகடு வருவதற்கு முன்பே இந்த ஆல்பங்களைக் கம்பெனி படுத்திய பாடு கொஞ்சமல்ல. ‘ஒன்லி தி லோன்லி’ மோனோ தட்டில் 12 பாட்டு. ஸ்டீரியோ தட்டில் இரண்டைக் கழற்றிவிட்டு 10 பாட்டு. ‘இட்ஸ் எ லோன்சம் ஓல்ட் டவுன்’, ‘ஸ்பிரிங் இஸ் ஹியர்’ இரண்டும் காணோம். கூடுதல் காசு கொடுத்து ஸ்டீரியோ வாங்கியவருக்குக் குறைவான சரக்கு. 1961லிருந்து ‘டுவோஃபோனிக்’ என்று இன்னொரு கூத்து. ஸ்டீரியோ மோகம் பரவியதும், மோனோவாகப் பதிவான பழைய தட்டுகளை விற்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒரே ஒலியை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் அடித்தொனியைக் கூட்டி, மறுபக்கம் மேல்தொனியைக் கூட்டி, நடுவில் ஒரு நூலிழை தாமதமும் வைத்து, இதோ ஸ்டீரியோ என்றார்கள். காதோரம் பேசிய மனிதர் கிணற்றுக்குள்ளிருந்து பேச ஆரம்பித்தார். சினாட்ரா 1960ல் ‘ரிப்ரைஸ்’ என்று சொந்தக் கம்பெனி ஆரம்பித்துப் போட்டியாளராகவும் ஆகிவிட்டதால், கேப்பிடல் பழைய பாட்டுகளைப் பிய்த்துப் பிய்த்துப் புதுத் தொகுப்புகளாக விற்றது. ஆல்பம் என்ற எண்ணமே அடிபட்டுப்போன காலம் அது.

அந்த வகையில் குறுந்தகடு ஒரு பரிகாரம். மோனோவில் பிறந்தது மோனோவாகவே வந்தது. கழற்றிய இரண்டு பாட்டும் ஸ்டீரியோவில் தத்தம் இடத்துக்குத் திரும்பின. ‘இன் தி வீ ஸ்மால் அவர்ஸ்’ 16 பாட்டும் தட்டைத் திருப்பாமல், சுமார் 50 நிமிஷம், ஒரே மூச்சில் ஓடுகிறது. ராத்திரிக்கு நடுவில் எழுந்துபோய்த் திருப்பிப் போடும் வேலை இல்லை. இந்த ஒரு ஆல்பத்துக்காகவே குறுந்தகட்டைக் கண்டுபிடித்திருக்கலாம்.

ஆனால் குறுந்தகட்டில் 74 நிமிஷம் கொள்ளும். காலி இடத்தைப் பார்த்தால் வியாபாரிக்குக் கை சும்மா இருக்காது. ‘போனஸ்’ பாட்டுகள் வந்தன. வாங்குபவருக்கு லாபம் என்றுதான் தோன்றும். ‘க்ளோஸ் டு யூ’வில் சேர்ந்த மூன்றில் ஒன்று ‘தேர்’ஸ் எ ஃப்ளா இன் மை ஃப்ளூ’. கம்பெனி அதிகாரிகள் பாட்டை ஒழுங்காகக் கேட்கிறார்களா என்று பார்க்க, புகைபோக்கி அடைப்பைப் பற்றிய ஒரு கேலிப் பாட்டை அதே உருக்கத்தோடு பாடி வைத்த குறும்பு. அன்றைக்குத் தட்டில் இடம்பெறாதது சரியான முடிவு. 30 வருஷம் கழித்து அது ஆல்பத்தின் வாலில் உட்கார்ந்திருக்கிறது. ஆவணமாகப் பார்த்தால் சுவாரஸ்யம். அவ்வளவு நேரம் நால்வர் வாசித்துக் கட்டிய அமைதிக்கு அது செய்வது வேறு.

‘ஒன்லி தி லோன்லி’யில்தான் நஷ்டம் பெரிது. ‘ஒன் ஃபார் மை பேபி’ தேய்ந்து மறைந்ததும், சில வினாடி இடைவெளியில் ‘ஸ்லீப் வார்ம்’ தொடங்குகிறது. பிறகு ‘வேர் ஆர் வென்’. இரண்டும் நல்ல பாட்டுகள். குறை பாட்டில் இல்லை, இருக்கும் இடத்தில். கடையை மூடிவிட்டுப் போனவர் திரும்பவும் கதவைத் தட்டி, இன்னும் ரெண்டு பாட்டு இருக்கு என்கிறார். ஆல்பத்தைப் பாட்டுகள் போட்டுவைக்கும் டப்பாவாகப் பார்க்கிறவருக்கு இது 14 பாட்டு. சினாட்ராவும் ரிடிலும் செய்தது 12 பாட்டும் அதற்குப் பிறகான மௌனமும்.

2018ல், 60 ஆண்டு நிறைவை ஒட்டி, இந்த ஆல்பம் புதிய ஸ்டீரியோ கலவையோடும் பழைய மோனோவோடும் திரும்ப வந்தது. எது சிறந்தது என்று ரசிகர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். முதல்முறை கேட்கிறவருக்கு எந்தப் பதிப்பும் போதும். பழைய குறுந்தகடு கையில் கிடைத்தால் ரிமோட்டைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். 12ம் பாட்டில் பியானோ அடங்கியதும் நிறுத்திவிட்டு, மிச்சம் இரண்டையும் இன்னொரு நாள் கேட்கலாம்.