துளசிதாஸ் பலராம்: செகந்திராபாத் தந்த பந்தாட்ட வீரர்

ஐதராபாத் மாநகரத்தின் மேற்கே கொண்டாப்பூர் என்னும் பகுதி உள்ளது. கணினித் தொழிலை நாடி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல இன்று அங்கே வாழ்கின்றன. அதனை அடுத்த கச்சிபௌலியில், 2003-ஆம் ஆண்டு ஆப்பிரிக்க-ஆசிய விளையாட்டுப் பந்தயங்கள் நடைபெற்ற பெரிய அரங்கம் நிற்கின்றது. அவ்வழியே செல்லும் தமிழர், இவ்வூருக்கு நாம் நேற்று வந்தவர்கள்தாமே என்று எண்ணுவது இயல்பு. ஆனால் இதே மாநகரத்தின் வடகிழக்கு மூலையில், செகந்திராபாத்தைச் சார்ந்த அம்முகூடா என்னும் சிற்றூரில், 1936-ஆம் ஆண்டில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த ஒருவர், இந்தியக் கால்பந்தாட்டத்தின் பொற்காலத்தை உருவாக்கியவர்களுள் ஒருவராக விளங்கினார். அவரே துளசிதாஸ் பலராம்.

செகந்திராபாத்தில் தமிழ் ஒலித்த வரலாறு நெடியது. நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் 1806-ஆம் ஆண்டில் அந்தத் தண்டு அமைந்தது. அங்கே நிறுத்தப்பட்ட சேனை பெரும்பாலும் சென்னைப் படையைச் சேர்ந்தது. சிப்பாய்களைப் பின்தொடர்ந்து வணிகரும், ஒப்பந்தக்காரரும், ஏவலரும் தெற்கிலிருந்து வந்து குடியேறினர். படை தங்கிய இடத்தில் மைதானங்கள் தோன்றின; மைதானங்களில் கால்பந்து உருண்டது. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குச் செலவின்றிக் கிடைத்த இன்பம் அதுவே.

பலராமின் வீட்டிலும் வறுமை இருந்தது. பந்தாட்டப் பாதணி வாங்கப் பணமில்லை. போலீஸார் கழித்துவிட்ட பழைய பூட்ஸுகளின் தோலைக் கொண்டு, செருப்புத் தைப்பவர் ஒருவரிடம் அவர் தமக்கு ஒரு ஜோடி தைத்துக்கொண்டார். அதை அணிந்து ஆடிய இளைஞர்மீது ஒருநாள் சையத் அப்துல் ரஹீமின் பார்வை விழுந்தது. ரஹீம் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து ரோவர்ஸ் கோப்பையை வென்ற ஐதராபாத் நகரப் போலீஸ் அணியின் பயிற்சியாளர். இந்திய அணிக்கும் அவரே ஆசான். பயிற்சிக்காக ஐதராபாத்துக்கு வர இவரை அழைத்தார். நாள்தோறும் அவ்வளவு தூரம் வந்து போக வழியில்லை என்றார் இளைஞர். மிதிவண்டிக்கு ரஹீமே வகை செய்து கொடுத்தார்.

அதன் பின்னர் வளர்ச்சி விரைவாயிற்று. ஐதராபாத் அணியில் ஆடி ஸந்தோஷ் கோப்பையை வென்றார். 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக் பந்தயங்களுக்குச் சென்ற இந்திய அணியிலும் இடம் பெற்றார். அங்கு இந்தியா நான்காம் இடம் எய்தியது. அந்நிலையை நம் அணி ஒலிம்பிக்கில் அதன் பின்னர் எட்டவில்லை. 1957-இல் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகம் அவரை ஏற்றது. மொழி புதிது, உணவு புதிது, பல்லாயிரவர் கூடும் மைதானங்களும் புதிது. ஆயினும் 1961-இல் அவரே அக்கழகத்தின் தலைவராகி, கல்கத்தா லீக் பட்டத்தை வென்று தந்தார். பி. கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி, பலராம் என்னும் மூவரின் பெயரையும் ரசிகர்கள் ஒரே மூச்சில் கூறினர்.

1960-இல் ரோமாபுரி ஒலிம்பிக் பந்தயங்களில் இந்தியா ஹங்கேரியை எதிர்த்தது. அவ்வாண்டு வெண்கலப் பதக்கம் பெற்ற அந்த வலிய அணியிடம் நாம் 1-2 என்ற கணக்கில்தான் தோற்றோம். நம் பக்கத்து கோல் பலராம் அடித்தது. பெரு நாட்டுடன் நடந்த ஆட்டத்திலும் இந்தியாவின் ஒரே கோல் அவருடையதே.

அவர் வாழ்வின் சிகரம் 1962-ஆம் ஆண்டின் ஜகார்த்தா ஆசியப் பந்தயங்கள். இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா ஒதுக்கியதை இந்திய அதிகாரி ஜி. டி. சோந்தி கண்டித்ததால், அங்குள்ள மக்கள் நம்மீது சினம் கொண்டிருந்தனர். முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0-2 எனத் தோற்றோம். பின்னர் தாய்லாந்தையும் ஜப்பானையும் தென்வியட்நாமையும் வென்று, செப்டம்பர் 4-ஆம் நாள் இறுதி ஆட்டத்தில் மீண்டும் அதே தென்கொரியாவைச் சந்தித்தோம். உடல்நலக் குறைவால் ஒதுங்கியிருந்த பீட்டர் தங்கராஜை அன்று கோல் காக்க நிறுத்தினார் ரஹீம். நெடிய உருவம் கொண்ட அவரும் செகந்திராபாத் மைதானங்களில் ஆடிப் பழகியவர். மதராஸ் ரெஜிமெண்டின் வழியே புகழ் பெற்றவர். பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் கோல் அடிக்க, இந்தியா 2-1 என வென்று தங்கப் பதக்கம் பெற்றது. கூச்சலிட்ட அந்தப் பெருங்கூட்டத்தின் நடுவே, செகந்திராபாத்தில் வளர்ந்த இருவர், ஒருவர் முன்வரிசையிலும் ஒருவர் கோல் வாயிலிலுமாக நின்றிருந்தனர். அவ்வாண்டின் அர்ஜுனா விருதும் பலராமுக்குக் கிட்டியது.

சிகரத்திலிருந்து இறங்கும் வழி மிகக் குறுகியதாயிற்று. புற்றுநோயுடன் போராடிக்கொண்டே அணியை நடத்திய ரஹீம், 1963 ஜூன் 11-ஆம் நாள் மறைந்தார். அவ்வாண்டு வங்காள நாகபுரி ரயில்வே அணிக்கு மாறிய பலராமையும் நுரையீரல் நோய் பற்றியது. இருபத்தேழாம் வயதிலேயே ஆட்டத்தைத் துறக்க நேர்ந்தது. பந்தாட்டத்திற்கெனத் தனி ஊதியம் முறையாக வழங்கப்படாத காலம் அது. போலீஸும் இராணுவமும் ரயில்வேயும் அளித்த உத்தியோகமே ஆட்டக்காரனுக்குச் சோறிட்டது. கால் ஓய்ந்தால் பெயரும் ஓய்ந்துவிடும் நிலை.

பலராம் பிறந்த ஊருக்குத் திரும்பவில்லை. ஹூக்ளி நதிக்கரையிலுள்ள உத்தரபாராவில் அமைதியாக வாழ்ந்தார். உடன் ஆடிய பானர்ஜியும் கோஸ்வாமியும் 2020-இல் அடுத்தடுத்து மறைந்தனர். மூவரில் எஞ்சியிருந்த அவரும் 2023 பிப்ரவரி 16-ஆம் நாள் காலமானார்.

அவரை எந்த ஊரார் என்று சொல்வது? பெற்றோரின் மொழி தமிழ். ஆட்டம் கற்பித்தது ஐதராபாத். கொண்டாடியதும் இறுதியில் இடமளித்ததும் வங்காளம். மூன்று இடங்களுக்கும் உரியவரை, ஒவ்வோரிடத்தாரும் மற்றவர் நினைத்துக்கொள்வார் என்று விட்டுவிடுதல் எளிது. வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இந்நிலை புதிதன்று. ஆதலின் நினைவில் வைக்கும் கடமை முதலில் நம்முடையது. கொண்டாப்பூரில் மாலையில் பந்துதைக்கும் நம் பிள்ளைகளுக்கு, இதே நகரத்தின் மறுகோடியில் பழைய தோலில் பூட்ஸ் தைத்துக்கொண்டு ஒலிம்பிக்கில் ஆடிய ஒருவர் இருந்தார் என்று சொல்லிவைப்போம்.