ஏ.டி.எம்., கிரெடிட் கார்டு திருட்டு போனதா? முதல் 10 நிமிடமும் 3 வேலை நாளும் முக்கியம்: பணத்தை மீட்பது எப்படி? முழு விவரம்

மேல்மலையனூர்,

விழுப்புரம் மாவட்டம் மேல்மலையனூர் அங்காளம்மன் கோவிலில் அமாவாசைதோறும் இரவு ஊஞ்சல் உற்சவம் நடக்கிறது. சென்னை, வேலூர், திருவண்ணாமலை, புதுச்சேரி என்று பல ஊர்களில் இருந்தும் சிறப்பு பஸ்களில் பக்தர்கள் வந்து குவிகிறார்கள். நெரிசலில் பர்ஸ் போனால் அதில் இருந்த நூறு, இருநூறு ரூபாயை நினைத்துத்தான் எல்லோரும் வருத்தப்படுவார்கள். ஆனால் அதே பர்சில் இருந்த ஏ.டி.எம். கார்டுதான் பெரிய ஆபத்து. நெல், மணிலா விற்ற பணம், முதியோர் உதவித்தொகை, மகன் வெளியூரில் இருந்து அனுப்பிய பணம் எல்லாம் அந்த ஒரு அட்டைக்குள்தான் கிடக்கிறது.

கார்டு தொலைந்தாலும், கையில் இருக்கும்போதே பணம் போனாலும் அதை திரும்ப வாங்க வழி உண்டு. ஆனால் அதற்கு நேரக்கணக்கு இருக்கிறது. அது தெரியாமல் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விடுபவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். இதுபற்றிய முழு விவரம் வருமாறு:-

எப்படி எல்லாம் திருடுகிறார்கள்?

முதல் வகை, கார்டு மாற்றும் கும்பல். ஏ.டி.எம். எந்திரத்தில் தடுமாறும் பெரியவர்கள், பெண்கள் பக்கத்தில் டிப்-டாப்பாக ஒருவன் வந்து நிற்பான். "ஐயா, குடுங்க நான் எடுத்துத் தரேன்" என்பான். ரகசிய எண்ணை பார்த்துக்கொள்வான். அதே நிறத்தில், அதே வங்கியின் வேறு ஒரு கார்டை திருப்பிக் கொடுத்துவிட்டு "மெஷின்ல பணம் இல்ல ஐயா" என்று போய்விடுவான். அடுத்த ஏ.டி.எம்.மில் போய் பணத்தை சுருட்டுவான். நாமோ செல்லாத கார்டை பத்திரமாக வீட்டில் வைத்திருப்போம். பஸ் நிலையம், சந்தை என்று கூட்டம் உள்ள இடங்களில் இவர்கள் சுற்றுவார்கள்.

இரண்டாவது வகை, 'ஸ்கிம்மர்' கருவி. கார்டு செருகும் வாயில் சிறு கருவியை ஒட்டி, மேலே ரகசிய கேமரா வைத்து, தகவலை திருடி போலி கார்டு தயாரிப்பது. 2016-ம் ஆண்டு ஆகஸ்டில் திருவனந்தபுரத்தில் ருமேனியா நாட்டு கும்பல் இப்படி கைவரிசை காட்டியது. நம் பக்கத்து ஊரான புதுச்சேரியிலும் 2018-ம் ஆண்டு போலி கார்டு கும்பல் ஒன்றை போலீசார் பிடித்தனர். அதே ஆண்டு ஆகஸ்டில் புனே காஸ்மோஸ் வங்கியின் கணினிக்குள் புகுந்து, போலி கார்டுகள் மூலம் பல நாடுகளில் பணம் எடுத்தார்கள். மொத்தம் 94 கோடி ரூபாய்க்கு மேல் போனது.

இந்த மாதிரி திருட்டை தடுக்கத்தான் காந்தப்பட்டை மட்டும் உள்ள பழைய கார்டுகளை 2018 டிசம்பர் 31-க்குள் மாற்றிவிட்டு சிப் வைத்த கார்டு தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. சிப் கார்டை போலியாக செய்வது சுலபம் அல்ல.

மூன்றாவது வகை, போன் மோசடி. "உங்க கார்டு பிளாக் ஆகிடும்", "ரிவார்டு பாயிண்ட் வீணாப் போகுது", "கே.ஒய்.சி. புதுப்பிக்கணும்" என்று பேசி ஓ.டி.பி. எண்ணை கறப்பது. இப்போது வாட்ஸ்-அப்பில் செயலியை அனுப்பி, அதை தொட்டதும் போனையே வசப்படுத்துகிறார்கள். கிரெடிட் கார்டு வைத்திருப்பவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான்.

முதல் 10 நிமிடம்

பணம் போனதாக எஸ்.எம்.எஸ். வந்தாலோ, கார்டை காணவில்லை என்றாலோ முதல் வேலை கார்டை முடக்குவதுதான். போலீசுக்கு போவதா, வங்கிக்கு போவதா என்று நின்று யோசிக்கக்கூடாது. வங்கியின் இலவச எண்ணுக்கு போன் செய்யுங்கள். இரவு, பகல், ஞாயிறு என்று எப்போதும் கார்டை முடக்க வங்கிகள் வசதி வைத்திருக்க வேண்டும் என்பது விதி. பாரத ஸ்டேட் வங்கிக்கு 1800 1234 என்ற எண். மற்ற வங்கிகளின் எண் கார்டின் பின்பக்கமே அச்சிட்டு இருக்கும்.

கார்டே தொலைந்த பிறகு பின்பக்கத்தை எங்கே பார்ப்பது? அதனால் இன்றைக்கே அந்த எண்ணை காலண்டர் ஓரத்திலோ, ரேஷன் கார்டு உறையிலோ எழுதி வைத்துவிடுங்கள். அவசரத்தில் கூகுளில் தேடி வரும் எண்ணுக்கு போன் போடாதீர்கள். அங்கேயும் போலி கஸ்டமர் கேர் எண்களை போட்டு வைத்து காத்திருக்கிறார்கள்.

கார்டை முடக்கியதும் புகார் எண் கேட்டு வாங்குங்கள். எந்த தேதி, எத்தனை மணிக்கு பேசினோம் என்பதையும் குறித்து வையுங்கள். பின்னால் வழக்காடும்போது அந்த நேரம்தான் உங்கள் சாட்சி.

அடுத்து 1930

பணம் போயிருந்தால் அடுத்த போன் 1930. இது நாடு முழுவதற்குமான சைபர் கிரைம் உதவி எண். வங்கி பெயர், கணக்கு எண், போன தொகை, நேரம், எஸ்.எம்.எஸ்.சில் உள்ள பரிவர்த்தனை எண் ஆகியவற்றை கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பணம் எந்த கணக்குக்கு போனதோ அந்த வங்கிக்கு உடனே தகவல் போகும். அங்கே பணம் இன்னும் எடுக்கப்படாமல் இருந்தால் முடக்கி வைப்பார்கள். திருடன் அதை வேறு கணக்குக்கு மாற்றி, ரொக்கமாக எடுத்துவிட்டால் பிடிப்பது கஷ்டம்.

சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற இணையதளத்திலும் புகார் பதியலாம். விழுப்புரத்தில் மாவட்ட சைபர் கிரைம் போலீஸ் நிலையம் இருக்கிறது. பர்ஸ் பிக்பாக்கெட், கார்டு மாற்றியது போன்றவற்றுக்கு பக்கத்து போலீஸ் நிலையத்திலேயே மனு கொடுக்கலாம். மனுவுக்கு சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

3 வேலை நாள் கணக்கு

இதுதான் பலருக்கும் தெரியாத விஷயம். 2017-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி ரிசர்வ் வங்கி எல்லா வணிக வங்கிகளுக்கும் ஒரு உத்தரவு போட்டது. கூட்டுறவு வங்கிகளுக்கு அதே ஆண்டு டிசம்பரில் உத்தரவு வந்தது. அதில் போட்ட கணக்கு இது:-

* வங்கியின் தவறால் பணம் போயிருந்தால் வாடிக்கையாளருக்கு நஷ்டம் கிடையாது. முழுப்பணமும் வங்கி தரவேண்டும்.

* வங்கி மீதும் தவறு இல்லை, வாடிக்கையாளர் மீதும் தவறு இல்லை, வெளியே யாரோ திருடினார்கள் என்றால், எஸ்.எம்.எஸ். வந்து 3 வேலை நாளுக்குள் சொன்னால் முழுப்பணமும் திரும்ப வரவேண்டும்.

* 4 முதல் 7 வேலை நாளுக்குள் சொன்னால் வாடிக்கையாளரும் ஒரு பங்கு இழக்க வேண்டும். ஜீரோ பேலன்ஸ் கணக்குக்கு அதிகபட்சம் ரூ.5 ஆயிரம். சாதாரண சேமிப்பு கணக்கு, ரூ.5 லட்சம் வரை வரம்பு உள்ள கிரெடிட் கார்டு ஆகியவற்றுக்கு ரூ.10 ஆயிரம். அதற்கு மேல் வரம்பு உள்ள கிரெடிட் கார்டுக்கு ரூ.25 ஆயிரம். போன தொகை இதைவிட குறைவு என்றால் அந்த தொகை மட்டும்தான்.

* 7 வேலை நாளும் தாண்டிவிட்டால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படிதான்.

எஸ்.எம்.எஸ். வந்த நாள் இதில் சேராது. உதாரணமாக, வெள்ளிக்கிழமை இரவு எஸ்.எம்.எஸ். வருகிறது. மறுநாள் இரண்டாவது சனிக்கிழமை, வங்கி லீவு. ஞாயிறும் லீவு. திங்கள், செவ்வாய், புதன் ஆகியவைதான் உங்கள் 3 நாள். அதற்காக புதன்கிழமை வரை காத்திருக்க வேண்டும் என்று அர்த்தம் இல்லை.

புகார் கொடுத்த 10 வேலை நாளுக்குள் போன தொகையை கணக்கில் வங்கி தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். 90 நாளுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும். தவறு வாடிக்கையாளர் மீது என்று வங்கி சொன்னால், அதை நிரூபிக்க வேண்டியதும் வங்கிதான். இந்த விதிகளை ரிசர்வ் வங்கி அவ்வப்போது திருத்துவது உண்டு. அதனால் புகார் கொடுக்கும்போதே இப்போதைய கணக்கை கிளையில் கேட்டுக்கொள்வது நல்லது.

ரகசிய எண்ணை நாமே சொல்லிவிட்டால்?

இங்கேதான் சிக்கல். ரகசிய எண்ணையோ ஓ.டி.பி.யையோ நாமே சொல்லிவிட்டால் அது வாடிக்கையாளரின் கவனக்குறைவு. வங்கிக்கு சொல்லும் வரை போன பணம் நம் தலையில்தான். ஆனால் வங்கிக்கு சொன்ன நிமிடத்துக்கு பிறகு போகும் பணம் வங்கியின் பொறுப்பு.

கார்டை மாற்றியவன் பத்து பத்தாயிரமாக நான்கு முறை எடுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது எஸ்.எம்.எஸ். வந்ததும் போன் செய்து சொல்லிவிட்டால் மீதி 20 ஆயிரத்துக்கு வங்கிதான் பதில் சொல்ல வேண்டும். "வீட்டுக்கு போய் பையன்கிட்ட கேட்டு அப்புறம் சொல்லலாம்" என்று இருந்தால் நாற்பதும் போச்சு. முதல் 10 நிமிடம் முக்கியம் என்பது இதனால்தான்.

சொந்த வீட்டுக்காரரிடம் கார்டை கொடுத்து அனுப்புவதிலும் வம்பு உண்டு. 2013-ம் ஆண்டு பெங்களூருவில் பிரசவ விடுப்பில் இருந்த ஒரு பெண், கணவரிடம் கார்டையும் ரகசிய எண்ணையும் கொடுத்து 25 ஆயிரம் ரூபாய் எடுக்க அனுப்பினார். பணம் வரவில்லை, கணக்கில் மட்டும் கழிந்தது. வழக்கு நுகர்வோர் கோர்ட்டுக்கு போனது. ரகசிய எண்ணை அடுத்தவரிடம் கொடுத்தது தவறு என்று 2018-ல் அந்த பெண்ணுக்கு எதிராகவே தீர்ப்பு வந்தது.

அதேநேரம் உடனே புகார் கொடுத்தவர் ஜெயித்த கதையும் உண்டு. அசாமை சேர்ந்த ஒருவர், இணையத்தில் வாங்கிய பொருளை திருப்பி அனுப்ப முயன்றபோது மோசடிக்காரனிடம் சிக்கி 94 ஆயிரத்து 204 ரூபாயை இழந்தார். 24 மணி நேரத்துக்குள் பாரத ஸ்டேட் வங்கியிடம் புகார் செய்தார். வங்கி மறுத்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. வங்கிதான் பொறுப்பு என்ற ஐகோர்ட்டு தீர்ப்பில் தலையிட 2025-ம் ஆண்டு ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு மறுத்துவிட்டது.

கிரெடிட் கார்டு பில்லில் தெரியாத தொகை வந்தால்?

டெபிட் கார்டில் போவது நம் பணம். கிரெடிட் கார்டில் போவது வங்கிப்பணம், ஆனால் கடன் நம் பெயரில். அதனால் சிலர் "நான் வாங்கல, நான் கட்ட மாட்டேன்" என்று பில்லை தூக்கி போட்டுவிடுகிறார்கள். அப்படி சும்மா இருக்கக்கூடாது. வட்டி குட்டி போடும், சிபில் மதிப்பெண் விழும்.

அந்த குறிப்பிட்ட தொகை மோசடி என்று எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும். 2022-ம் ஆண்டு ரிசர்வ் வங்கி கொண்டு வந்த விதிப்படி, மோசடி என்று புகார் செய்த தொகைக்கு, விசாரணை முடியும் வரை கட்டணம் எதுவும் போடக்கூடாது. பில் பற்றிய புகாருக்கு 30 நாளுக்குள் விளக்கமும் ஆதாரமும் தரவேண்டும். நாம் உண்மையில் செலவு செய்த மீதி தொகையை கெடுவுக்குள் கட்டிவிட வேண்டும்.

மனுவில் என்ன எழுத வேண்டும்?

போன் செய்தால் மட்டும் போதாது. மறுநாளே கிளைக்கு சென்று மனு கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். கணக்கு எண், கார்டின் கடைசி 4 எண், பணம் போன தேதி, நேரம், இடம், தொகை, போனில் பெற்ற புகார் எண், 1930 புகார் எண் ஆகியவற்றை எழுதுங்கள். முக்கியமாக, "அந்த ஏ.டி.எம்.மின் கண்காணிப்பு கேமரா பதிவை அழிக்காமல் பாதுகாக்க வேண்டும்" என்று ஒரு வரி சேருங்கள். நாள் ஆனால் பழைய பதிவு அழிந்துவிடும்.

வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் சரி இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டியது இல்லை. விவரம் கேட்க 14448 என்ற எண்ணில் பேசலாம்.

எந்திரத்தில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்தால் அது வேறு கணக்கு. 5 நாளுக்குள் தானாக திரும்ப வரவேண்டும். தவறினால் அதற்கு பிறகு ஒரு நாளைக்கு ரூ.100 வீதம் வங்கி இழப்பீடு தரவேண்டும். இது 2019-ம் ஆண்டு வந்த விதி.

வருமுன் காக்க...

* கணக்கில் சரியான செல்போன் எண் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய சிம் எண் இருந்தால் எஸ்.எம்.எஸ். வேறு யாருக்கோ போகும்.

* கார்டு உறையில் ரகசிய எண்ணை எழுதி வைக்காதீர்கள். பர்ஸ் எடுத்தவனுக்கு சாவியையும் சேர்த்து கொடுத்தது போல் ஆகும்.

* எந்திரத்தை விட்டு நகரும் முன் கார்டில் இருப்பது உங்கள் பெயர்தானா என்று பாருங்கள். படிக்க தெரியாதவர்கள் கார்டில் ஒரு பொட்டு மை வைத்து அடையாளம் செய்துகொள்ளலாம்.

* உதவி தேவைப்பட்டால் வங்கி திறந்திருக்கும் நேரத்தில் போய் ஊழியரிடம் கேளுங்கள். வெளியே நிற்பவரிடம் கேட்காதீர்கள்.

* ஆன்லைன், வெளிநாட்டு பயன்பாடு, தொட்டாலே பணம் போகும் வசதி ஆகியவற்றை கார்டில் நிறுத்தி வைக்கலாம். வங்கி செயலியிலோ, கிளையில் சொல்லியோ இதை செய்யலாம். தொட்டு செலுத்தும் முறையில் ரூ.5 ஆயிரம் வரை ரகசிய எண் கேட்காமலே போகும் என்பது குறிப்பிடத்தக்கது.

* திருவிழா, சந்தைக்கு போகும்போது தேவையான ரொக்கத்தை மட்டும் எடுத்துச்சென்று, கார்டை வீட்டில் வைத்துவிடுவது உத்தமம்.

கார்டை திருடி பணம் எடுத்தால் தகவல் தொழில்நுட்ப சட்டத்தின் 66-சி, 66-டி பிரிவுகளில் 3 ஆண்டு வரை ஜெயில், ரூ.1 லட்சம் வரை அபராதம் உண்டு. ஆனால் திருடன் ஜெயிலுக்கு போவதால் மட்டும் நம் பணம் வந்துவிடாது. அது வருவதும் வராததும் நாம் போன் எடுத்த நேரத்தில்தான் இருக்கிறது.

மறக்காமல் குறித்து வையுங்கள்: முதலில் வங்கி எண், அடுத்து 1930, மறுநாள் கிளையில் மனு, 30 நாளில் தீராவிட்டால் 14448.