மறுபடி பார்த்துச் சொல்லுங்க

இன்னைக்கு ஒரே ஒரு பாரோமீட்டர் ரீடிங்கின் கதை.

1944 ஜூன் தொடக்கம். ஜெர்மனி பிடித்து வைத்திருந்த பிரான்சின் நார்மண்டிக் கரையில் 5-ஆம் தேதி இறங்குவது நேச நாடுகளின் திட்டம். பாராசூட்டில் குதிக்க நிலா வெளிச்சம் வேணும். விடியலில் கடல் உள்வாங்கி இருக்கணும். ரெண்டும் சேர்ந்து வர்றது 5, 6, 7 தேதிகளில்தான். ரெண்டு வாரம் பொறுத்தால் கடல் ஒத்துழைக்கும், நிலா இருக்காது. வசந்தம் முடிகிற அந்த வாரம் பார்த்து, அட்லாண்டிக்கிலிருந்து மழையும் காற்றும் விடாமல் வந்துகிட்டு இருந்தது.

போரில் சேராத அயர்லாந்தின் மேற்குக் கரையில் பிளாக்சாட். அங்கே தபால் நிலைய ஊழியர் மோரீன் ஃபிளாவின்தான் வானிலை அளவுகளையும் எடுப்பார். ஜூன் 3, அவருடைய 21-வது பிறந்தநாள். அதிகாலையில் காற்றழுத்தம் வேகமாகச் சரிவதைப் பார்த்துத் தகவல் அனுப்பினார். இங்கிலாந்திலிருந்து ஃபோன்: மறுபடி பார்த்துச் சொல்லுங்க. பார்த்தார். அதே அளவுதான்.

வானிலை ஆலோசகர் ஜேம்ஸ் ஸ்டாக் எச்சரித்தார். ஐசனோவர் ஒரு நாள் தள்ளிவைத்தார். 6-ஆம் தேதி கொஞ்சம் தெளியும் என்பது அடுத்த கணிப்பு. அன்று சுமார் 1.5 லட்சம் பேர் இறங்கினார்கள். அட்லாண்டிக் தகவல் அதிகம் கிடைக்காத ஜெர்மன் தரப்பு அதை எதிர்பார்க்கலை. தளபதி ரோம்மல், மனைவியின் பிறந்தநாளுக்காக ஊருக்கே போயிருந்தார்.

ரெண்டு வாரம் தள்ளியிருந்தால்? ஜூன் 19-ல் அடிக்கத் தொடங்கிய புயல், நேச நாடுகள் அங்கே கட்டிய ஒரு செயற்கைத் துறைமுகத்தையே உடைத்துப் போட்டது.

தன் ரீடிங் எதற்குப் பயன்பட்டதுன்னு மோரீனுக்கு 1956 வரை தெரியாது. தெரியாமலேயே, ரெண்டாவது தடவையும் ஒழுங்காகப் பார்த்துச் சொன்னார்.