மீரியபெத்த

இலங்கையின் பதுளை மாவட்டத்தில், கொஸ்லாந்தைக்கு மேலே மலைச்சரிவில் இருந்த லயன்களை (தொழிலாளர் வரிசை வீடுகளை)க் கொண்ட தேயிலைத் தோட்டப் பிரிவு. அம்பிட்டிகந்த தோட்டத்தைச் சேர்ந்தது. தியலும நீர்வீழ்ச்சி பார்க்க வருவோர் பலர் இந்தப் பக்கமாகப் போவார்கள். ஆனாலும் 2014 மண்சரிவு வரை இப்பெயரை வெளியார் கேட்டதேயில்லை எனலாம்.

இங்கு லயன் வந்த கதை நிலத்தின் கதை. பிரித்தானியருக்கு எதிராக இந்தப் பகுதியில் எழுந்த 1817–18 ஊவா–வெல்லஸ்ஸ கிளர்ச்சி அடக்கப்பட்டபின், உறுதிப்பத்திரமில்லாத காணிகளை அரசுடைமையாக்கிய 1840ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத்துரைமாருக்கு வழிவிட்டது. முதலில் கோப்பி. 1869இல் இலைநோய் தலைகாட்டி, படிப்படியாகக் கோப்பி அழிய, தேயிலை வந்தது. 1886இல் பதுளையை உள்ளடக்கிய ஊவா தனி மாகாணமானது. 1924இல் ரயில் பதுளையை எட்டியது. மலையைத் திருத்தியவர்கள் திருச்சி, சேலம், மதுரைப் பக்கங்களிலிருந்து ஆள்சேர்க்கும் கங்காணிமார் கூட்டிவந்த தமிழர். 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரின் பிரஜாவுரிமையைப் பறித்தது. பிற்பாடு குடியுரிமை கிடைத்தது. குடியிருந்த லயன் காம்பராவும் (அறையும்) அதன் கீழிருந்த மண்ணும் மட்டும் தோட்டத்துக்கே சொந்தமாக இருந்தன.

மீரியபெத்தச் சரிவு ஆபத்தானது, ஆட்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்தது. எழுந்து போகச் சொன்னார்கள். எங்கே போவது என்பதற்கு விடை வரவில்லை. மாற்றுக் காணி இல்லாதவனுக்கு எச்சரிக்கை வெறும் கடதாசிதான்.

2014 ஒக்டோபர் 29. தீபாவளி முடிந்து ஒரு வாரம். தொடர்மழையில் ஊறியிருந்த மலை காலை ஏழரை மணியளவில் சரிந்து லயன்களையும் கோயிலையும் மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் பலர் தப்பினர். அவர்களில் சிலருக்குத் திரும்பிவர வீடுமில்லை, பெற்றோருமில்லை. காணாமற்போனோர் தொகை முதலில் நூற்றுக்கணக்கில் சொல்லப்பட்டுப் பின்னர் வெகுவாகக் குறைந்தது. யார் எந்தக் காம்பராவில் இருந்தார் என்ற சரியான பதிவுகூட அன்று கைவசம் இல்லாததையே இது காட்டுகிறது. பலரின் உடல் கிடைக்கவேயில்லை.

தப்பியவர்கள் முதலில் பாடசாலைகளிலும், பின்னர் மூடிக்கிடந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலையிலும் தங்கினார்கள். துணியாலும் பலகையாலும் மறைத்த தடுப்புகளே அங்கே வீடு. அவர்களுக்கென மகல்தெனியவில் கட்டிய தனிவீடுகள் 2016இல்தான் கையளிக்கப்பட்டன.