நாகத்தின் கவசமும் உழைப்பின் விலையும்

விஞ்ஞான வரலாறு பெரும்பாலும் மேதைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆய்வுகூடத்தை வந்தடையும் பொருள் யாருடைய உழைப்பால் வந்தது என்னும் வினா அதில் எழுவது அரிது. மின்கலத்தின் நாகத் தகட்டுக்கு இடப்பட்ட பாதுகாப்புப் பூச்சின் வரலாற்றை அவ்வினாவோடு நோக்குதல் பயனுடைத்து.

1800இல் வோல்ற்றா அறிவித்த மின்னடுக்கின் வழிவந்த கலங்களில் ஒரு குறைபாடு நீடித்தது. அமிலத்திலிட்ட வணிக நாகம், மின்னோட்டம் பெறப்படாதபோதும் ஐதரசனை வெளிவிட்டுக் கரைந்தது. நாகத்திலுள்ள மாசுகளே இதற்குக் காரணமென 1830இல் டி லா றீவ் காட்டினார். தூய நாகமோ விலைமிக்கது. அதே ஆண்டில், சப்பாத்துத் தொழில் பழகிப் பின் போர்வீரராயிருந்த வில்லியம் ஸ்ரேர்ஜன், நாகத்தின்மேல் இரசம் பூசும் முறையைப் பரப்பினார். இரசம் மேற்பரப்பை ஒருசீராக்கி அரிப்பைத் தணித்தது. தந்திச் சேவையின் கலங்கள் இம்முறையைப் பயன்கொண்டன.

இந்த இரசத்தின் பெரும் ஊற்று ஸ்பெயினின் அல்மடேன் சுரங்கமாகும். 16ஆம் நூற்றாண்டு முதல் 18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை அங்கு கைதிகள் கட்டாய உழைப்பில் ஈடுபடுத்தப்பட்டனர். இரச நஞ்சால் நடுக்கமுற்று மடிந்தோர் பலர். 1835இல் அச்சுரங்க இரசத்தின் விற்பனை உரிமை ரொத்சைல்ட் நிதிக்குடும்பத்தின் கைக்கு வந்தது. வெள்ளி பிரித்தெடுத்தலுக்கே இரசம் பெரிதும் சென்றது; மின்கலத்தின் பங்கு சிறிதே. எனினும், நாகத்தைக் காத்த கவசம் அதனை அகழ்ந்த மனிதனைக் காக்கவில்லை என்னும் முரண்பாடு அளவால் குறைவதன்று.

20ஆம் நூற்றாண்டின் உலர்கலங்களிலும் இரசம் தொடர்ந்தது. 1956இல் யப்பானின் மினமாட்டாவில் வெளிப்பட்ட பேரழிவுக்கு மின்கலம் காரணமன்று. தொழிற்சாலைக் கழிவிலிருந்த மீதைல் இரசமே காரணம். ஆயினும் பாதிக்கப்பட்ட மீனவரும் நோயாளரும் நடத்திய நெடும் போராட்டம், இரசம் பற்றிய சமூக நோக்கையே மாற்றிற்று. 1980களில் வீசப்பட்ட உலர்கலங்கள் அங்கு பொதுப் பிரச்சினையாயின. 1991இல் சாதாரண உலர்கலமும் 1992இல் காரக்கலமும் இரசமின்றி உற்பத்தியாயின. நாகத்தைத் தூய்மையாக்கியும், இந்தியம், பிஸ்மத்து முதலியவற்றைச் சிறிதளவு சேர்த்தும் இது கைகூடிற்று. மாசே பகை என்பது 1830இலேயே அறியப்பட்டிருந்தது. தொழினுட்ப வளர்ச்சியின் பங்கை நாம் மறுக்கவில்லை. ஆனால் அறிவை நடைமுறையாக்கியதில் சமூக நிர்ப்பந்தத்தின் பங்கு கணிசமானது.

இன்று, மீளமின்னேற்றத்தக்க நீர்க்கரைசல் நாகக்கலங்களில் அதே பிரச்சினை புதுவடிவில் எழுந்துள்ளது. மின்னேற்றும்போது நாகம் ஊசிகளாகப் படிந்து பிரிசவ்வைத் துளைக்கின்றது. நீர் அதனை அரிக்கின்றது. கல்சியங் காபனேற்று, தைத்தேனியம் ஈரொட்சைட்டு, பல்பகுதியங்கள் ஆகியன மென்படலங்களாகப் பூசப்படுகின்றன. இவற்றுட் சில, இயற்கையில் எளிதிற் சிதையாத புளோரீன் சேர்வைகள். பூச்சு எத்தனை சுற்றுக்குத் தாங்கும் என்று மட்டும் வினவும் ஆய்வு அரைகுறையானது. அதனை ஆக்குவோரும் அதன் கழிவோடு வாழ்வோரும் எவ்வாறு காக்கப்படுவர் என்பதும் விஞ்ஞான வினாவே.