மூன்றிலொரு பங்கு

நிலத்தைப் பங்கிடுவது எண்கணிதத்தின் பாற்பட்டது என்று வகுப்பறையில் கற்பிக்கின்றோம். பம்பாய் ஆலை நிலங்களின் வரலாற்றை நோக்குவார்க்கு, அது சொற்பொருளின் பாற்பட்டதும் ஆகும் என்பது புலனாகும்.

1854ஆம் ஆண்டில் கவாஸ்ஜி நானாபாய் தாவர் நிறுவிய பஞ்சாலைக் கம்பெனியை முன்னோடியாகக் கொண்டு, அந்நகரில் ஆலைகள் பெருகின. கொங்கணக் கரையிலிருந்து வந்த உழவர் மக்கள் ஒற்றையறைக் குடியிருப்புகளில் நெருங்கி வாழ்ந்தனர். அவர் வாழ்ந்த பகுதி 'கிரண்காவ்', அதாவது ஆலையூர், எனப் பெயர் பெற்றது. 1982 ஜனவரியில் தத்தா சாமந்தின் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அப்போராட்டம் முறைப்படி முடித்துவைக்கப்படவேயில்லை. ஆலைகள் பல மூடுண்டன. நெசவினும் நிலமே மிகுந்த இலாபம் தரும் என்பதை முதலாளிமார் கண்டுகொண்டனர்.

நகரின் நடுவே ஏறத்தாழ 600 ஏக்கர் நிலம். அதன் எதிர்காலத்தை வரையறுக்க 1991இல் அபிவிருத்திக் கட்டுப்பாட்டு விதிகளின் 58ஆம் விதி எழுந்தது. ஆலை நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற விரும்புவோர் அதனை ஏறக்குறைய மூன்றாகப் பிரித்தல் வேண்டும்: ஒரு பங்கு மாநகர சபைக்குத் திறந்தவெளியாக, ஒரு பங்கு அரச வீடமைப்புக்கு, எஞ்சியது உரிமையாளருக்கு. அரசுக்குரிய 25 ஆலைகளின் நிலங்களைத் துண்டு துண்டாகக் கூறிடாது ஒருங்கே திட்டமிடுமாறு, 1996இல் கட்டடக் கலைஞர் சாள்ஸ் கொறையா தலைமையிலான குழு வற்புறுத்தியது. அது நடைபெறவில்லை.

நடந்தது வேறு. 2001ஆம் ஆண்டுத் திருத்தம், பங்கீடு வெற்று நிலத்துக்கு மாத்திரமே உரியது என்றது. பத்து ஏக்கர் ஆலையொன்றில் எட்டு ஏக்கரில் கட்டடங்கள் நிற்பதாகக் கொள்வோம். முன்னர் பத்து ஏக்கரும் பங்கிடப்படும். இப்போது இரண்டு ஏக்கரே பங்கிடப்படும். கட்டடங்களை இடித்த பின் அந்த எட்டு ஏக்கரும் வெற்று நிலந்தானே என்று கேட்பது சிறுபிள்ளைக்கும் தோன்றும் வினா. பம்பாய்ச் சுற்றாடல் செயற்குழு அவ்வினாவையே வழக்காக்கியது. 2005 அக்டோபரில் பம்பாய் மேல் நீதிமன்றம் 'ஆம்' என்றது. 2006 மார்ச்சில் இந்திய உச்ச நீதிமன்றம் 'அன்று' எனத் தீர்த்தது. நலிந்த ஆலைகளை மீட்டலும் தொழிலாளரின் நிலுவையைச் செலுத்தலும் திருத்தத்தின் நோக்கமாகக் காட்டப்பட்டன. இவ்வாதத்தை வெறும் போலி என ஒதுக்குதல் இயலாது. ஆண்டுக் கணக்கில் கூலி கிடைக்காத நெசவாளிக்கு, பூங்காவினும் நிலுவைப் பணமே பெரிது. எனினும் பூங்காவா நிலுவையா என்று அவனைத் தேர்ந்துகொள்ளச் செய்தவர் யார்?

எஞ்சிய நிலத்தில் எழுந்த வீடுகள் 2012இல் குலுக்கற் சீட்டு மூலம் வழங்கப்பட்டன. ஏழாயிரத்துக்குச் சற்றுக் குறைந்த வீடுகள். விண்ணப்பித்திருந்த தொழிலாளரும் அவர்தம் வாரிசுகளும் ஒன்றரை இலட்சத்தை ஒட்டியோர். லோவர் பரேலில் பீனிக்ஸ் ஆலையின் புகைபோக்கி இடிக்கப்படாது நிற்கின்றது. அதன் அடியில் இன்று அங்காடிகள்.