ஃபேட்

காதோரத்திலும் பிடரியிலும் தோல் தெரியுமளவு ஒட்ட வெட்டி, மேலே போகப் போக முடியின் நீளம் கூடும்படி மெஷினால் அமைக்கும் முடிவெட்டு. மங்குதல், வெளிறுதல் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல். பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. முடியின் கருமை சிறிது சிறிதாக மங்கித் தோலில் கரைவதால் இப்பெயர். அமெரிக்க ராணுவத்தின் ஒட்ட வெட்டோடு தொடர்புடைய இது, 1980களில் கறுப்பின இளைஞரின், உச்சியில் முடியை உயர்த்தி விடும் ஹை-டாப் ஃபேடால் உலகெங்கும் பரவியது. டேப்பர் என்னும் வெட்டு வேறு, அதில் கிருதாவும் கழுத்தோரமும் மட்டுமே குறுகும். சலூனில் இரண்டையும் ஒன்றாகச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு.

மெஷினில் மாட்டும் ஒன்றாம் நம்பர் சீப்பு சுமார் 3 மி.மீ., இரண்டாம் நம்பர் சுமார் 6 மி.மீ. முடியை விடும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் விழும் கோட்டை அழிப்பதுதான் தொழில் பழகுபவருக்குப் பெரும்பாடு. ஒன்றாம் நம்பரை மாட்டி, மெஷினின் பக்கவாட்டு லீவரைத் திறந்தால் அது விடும் முடி சற்று நீளும். அப்படியே கோட்டின்மேல் மட்டும் ஓட்டி, லீவரைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே கீழிறங்க வேண்டும். ஒவ்வோர் இழுப்பின் முடிவிலும் மெஷினைத் தலையிலிருந்து வெளிப்புறமாக எடுத்துவிட வேண்டும். மண்டையின் வளைவோடு அழுத்திக்கொண்டே போனால் கோடு இன்னும் மேலே ஏறிவிடும்.